கம்பிச் சுழல்

என் இருபதாவது வயது வரை கம்பி என்றால் எனக்கு ஜன்னல் கம்பிதான். மலையாளத் தலைநகரில், வலியசாலையில் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலில் ஒன்பது கம்பிகள் இருந்தன. நடுக் கம்பி மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். அது போகக் குடைக் கம்பி தெரியும், மத்தாப்புக் கம்பி தெரியும், மழைக் காலத்தில் ஷாக் அடிக்கிற கரண்டுக் கம்பி தெரியும். இவை தவிர மலையாளத்தில் இன்னொரு கம்பி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. என் தலையில் மண் விழுந்தது அந்த இடத்தில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பௌதிகத்தில் பட்டம் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் டிவிஷன். வீட்டில் அக்ரஹாரத் தமிழ். மலையாளம் எனக்குக் கடையில் தேங்காய் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் போதுமான அளவுக்கு இருந்தது. போர்டு படிப்பேன். சரளமாக எழுத வராது. அம்மா நான் எட்டாவது படிக்கும்போது போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டு. காலையில் இங்கிலீஷ் பேப்பரின் குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புவார். தப்பாகிவிட்டால் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த, பாதி சிவப்பு பாதி நீலமாக இருக்கும் ரப்பரை எடுத்து நீலப் பக்கத்தால் தேய்ப்பார். அந்தப் பக்கம் மையை மட்டுமல்ல, காகிதத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கட்டத்தைச் சுற்றி நீலமாக ஒரு அழுக்கு மிஞ்சும். எங்கள் வீட்டுப் பழைய பேப்பரைக் கடைக்காரர் பிரித்துப் பார்த்தால் தினமும் ஒரே இடத்தில் ஓட்டை இருக்கும்.

கல்லூரியில் எனக்கு ஒரே ஒரு சிநேகிதி. விதுராவிலிருந்து வருகிறவள். பொன்முடி போகிற ரோட்டில் அவள் வீடு, சுற்றிலும் ரப்பர் மரம். விடியற்காலையில் பஸ் பிடித்தால்தான் முதல் பீரியடுக்கு வர முடியும். அவள் என்னிடம் மலையாளத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒருவருக்கொருவர் புரியாமல் போனதாக எனக்கு நினைவில்லை. அவள் என் நோட்டைத் திருத்தினால் பென்சிலால் ஒரு அடி அடித்து மேலே சரியானதை எழுதுவாள். ரப்பர் என்று ஒன்று அவள் பெட்டியில் இருந்ததே கிடையாது. "மாய்ச்சு களஞ்ஞால் பின்னெ எவிடெயா தெற்றியதெந்நு நினக்கு அறியில்லல்லோ" என்பாள். அழித்துவிட்டால் எங்கே தப்பு செய்தாய் என்பது உனக்கே தெரியாமல் போய்விடும் என்று அர்த்தம்.

கடைசி வருஷம் ஜனவரியில் எங்கள் சார், டிபார்ட்மென்டின் ஆறு அங்குலத் தொலைநோக்கியை ஒரு ஜீப்பில் ஏற்றி அவள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தார். நகரத்து வெளிச்சத்தில் எதுவும் தெரியாது, விதுராவில் இருட்டு நல்ல இருட்டு என்று அவள்தான் சொல்லியிருந்தாள். நாங்கள் எட்டுப் பேர். அந்தி மயங்கி, அவள் அம்மா கொடுத்த மரச்சீனிக் கிழங்கும் முளகுச் சம்மந்தி என்கிற மிளகாய்த் துவையலும் தின்று முடித்த நேரம். தெற்கே, அவ்வளவாக ஒளியில்லாத ஒரு விண்மீன் கூட்டத்தில், ஏறக்குறைய ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற ஒரு அண்டத்தை சார் தேடினார். அதற்கு ஊர் பேர் கிடையாது, பட்டியலில் ஒரு எண் மட்டும். எங்கள் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. மற்றச் சுழல் அண்டங்களில் கைகள் நடுவிலிருந்தே வளைந்து புறப்படும். இதில் நடுவே நேராக ஒரு பாளம் ஓடும், கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் அடர்ந்த பாளம். அதன் இரண்டு நுனியிலிருந்தும் ஒவ்வொரு கை பிரிந்து வளையும்.

"நேராப் பார்க்காதே. பக்கத்துல பாரு. அப்பத்தான் தெரியும்" என்றார் சார். அவர் நாகர்கோவில்காரர், என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார்.

நான் பக்கத்தில் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாதி அழிந்த திருநீறு மாதிரி ஒரு பூச்சு. இன்னும் கொஞ்ச நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபோது அந்தப் பூச்சுக்கு நடுவே சற்று அழுத்தமாக ஒரு கோடு தெரிந்தது, அல்லது தெரிந்தது என்று நான் நம்பினேன். மற்ற யாருக்கும் கோடு தெரியவில்லை. என் சிநேகிதி இரண்டாவது முறை குனிந்து பார்த்துவிட்டு, "உண்டு சார், அவள் பறஞ்ஞது சரியா" என்றாள், நான் சொன்னது சரிதான் என்று. அவள் உண்மையாகவே பார்த்தாளா, எனக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு இனி வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. ஆறு கோடி வருஷம் நடந்து வந்த வெளிச்சம் என் கண்ணுக்குள் வந்து முடிந்தது என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "சாப்டியா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஒரு மலை மேல் இருக்கிற பெரிய தொலைநோக்கியில் ஒரு மாதப் பயிற்சி. எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒருவர் போகலாம். அங்கே நன்றாகச் செய்தால் மேற்படிப்புக்கு அவர்களே சிபாரிசு செய்வார்கள். தேர்வு செய்கிற விதம்தான் விசேஷம். ஊர் மன்றம் ஒன்றின் ஹாலில், பொதுஜனத்துக்கு முன்னால், பதினைந்து நிமிஷம் மலையாளத்தில் பேச வேண்டும். இங்கிலீஷ் வார்த்தை கலக்கக் கூடாது. சாமானியர்களுக்குப் புரிகிற மாதிரி யார் சொல்கிறார்களோ அவருக்குத்தான் இடம்.

அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "உன்னை எடுத்தான்னா போ. நான் குறுக்க நிக்கலை. எடுக்கலைன்னா பேங்க் பரீட்சை எழுதணும். அதுக்கப்புறம் நட்சத்திரம் கிட்சத்திரம்னு பேசப்படாது, கேட்டியா?"

சரி என்றேன். நியாயமான பேரம் என்றுதான் பட்டது. அப்பாவை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் தெருவில் வேறு எந்த அப்பாவும் இவ்வளவு விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

நான் அந்த அண்டத்தைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். இங்கிலீஷில் அதன் வகைக்கு இருந்த பெயரில் 'பார்' என்ற சொல் இடித்தது. நடுவில் ஓடும் அந்தப் பாளத்துக்கு மலையாளத்தில் என்ன சொல்வது? ஜன்னலைப் பார்த்தேன். கம்பி! தமிழிலும் கம்பி, மலையாளத்திலும் ஜன்னலுக்குக் கம்பிதான். சாமானியருக்கும் புரியும். என்னை நானே மெச்சிக்கொண்டேன். நீளமான நோட்டு ஒன்றில், மலையாளப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். தலைப்பு, 'ஒரு கம்பிச் சுழியுடெ கத'. அதை ஜன்னல் முன்னால் நின்று உரக்கப் படித்துப் பழகினேன். அப்பா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் ஆரம்பித்ததும் இருமுவார். இரண்டாவது பத்தியில் எழுந்து உள்ளே போய்விடுவார். பேப்பர் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

பேச்சுக்கு இரண்டு நாள் முன்னால் நோட்டை என் சிநேகிதியிடம் கொடுத்தேன். அவளும் போட்டியில் இருந்தாள், கிரகணத்தைப் பற்றிப் பேசுவதாக. போட்டிக்காரியிடம் நோட்டைக் கொடுக்கிறாயே என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்றேன். தமிழ் எழுத்தை அவளால் படிக்க முடியாதே என்பதால் மத்தியானம் முழுவதும் மரத்தடியில் உட்கார்ந்து அவளுக்கே ஒரு முறை வாசித்துக் காட்டினேன். அவள் எங்கேயோ நினைவாக இருந்தாள். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வரிக்குக் கீழும் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகத் திருத்தித் தருகிறேன் என்றாள்.

பேச்சுக்கு முந்தின நாள் கல்லூரி விடுமுறை. அன்று சாயங்காலம் நான் சாலைக் கடைத்தெருவில் தையல்காரரிடம் ரவிக்கை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது நோட்டு மேஜை மேல் இருந்தது.

"அந்தப் பொண்ணு வந்து குடுத்துட்டுப் போனா" என்றார் அப்பா. "கிழக்கேகோட்டையிலே பஸ் போயிடும்னு நிக்கலை."

"ஏதாவது சொன்னாளா?"

"எல்லாம் சரியா இருக்குன்னா."

பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் பென்சில் அடி. வினைச்சொல், வேற்றுமை, என் தமிழ் வாடை அடித்த இடம் எல்லாம் திருத்தியிருந்தாள். கம்பி மட்டும் அப்படியே இருந்தது. அதில் தப்பில்லை என்று தெம்பாக இருந்தது.

அடுத்த நாள் ஹாலில் இருநூறு பேர் இருக்கும். பின்வரிசை முழுக்கக் கல்லூரிப் பையன்கள். முன்வரிசையில் அப்பா, கஞ்சி போட்ட வேஷ்டி, மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். என் சிநேகிதி முதலில் பேசினாள். சுமாராகத்தான் பேசினாள், நடுவில் ஒரு தடவை மறந்துபோய் நின்றாள். அடுத்தது நான்.

"நமஸ்காரம். ஞான் பறயான் போகுந்நது ஒரு கம்பிச் சுழியுடெ கதயாணு."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கம்பி இல்லாத சுழியும் உண்டு, கம்பியுள்ள சுழியும் உண்டு என்றேன். இருமல் ஒரு வரிசை முன்னால் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு. என் பின்னால் ஏதாவது பல்லியோ பூனையோ இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள். தொலைவிலிருந்து பார்க்கும்போது இந்தக் கம்பியை எல்லோராலும் பார்க்க முடியாது, எனக்கு விதுராவில் வைத்துக் காணக் கிடைத்தது என்று நான் சொன்னபோது விசில் அடித்தார்கள். பெண்கள் வரிசையில் தலைகள் கவிழ்ந்தன. சார் எழுந்து கையைக் காட்டிச் சத்தத்தை அடக்கப் பார்த்தார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். பிடிவாதக்காரி, நிறுத்தவில்லை. சிரிக்கிறவர்கள் அறிவிலிகள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன். உயர்த்திய குரலில் கடைசி வரியையும் சொன்னேன். "ஈ கம்பிக் கத நிங்ஙள் வீட்டில் போயி எல்லார்க்கும் பறஞ்ஞு கொடுக்கணம்."

அதற்குப் பிறகு அந்த ஹாலில் யாரும் எதுவும் பேச முடியவில்லை. ஒரு தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் சிநேகிதியைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

வராந்தாவுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்தவள் அவள்தான். "எடீ, நீ எந்தினா ஆ வாக்கு பறஞ்ஞெ?" என்றாள். என்ன வார்த்தை என்றேன். காதில் சொன்னாள். ஆண்கள் பேச்சில் கம்பி என்றால் கெட்ட விஷயம், கம்பிக் கதை என்றால் பஸ் ஸ்டாண்டில் மடித்துக் கொடுக்கிற ஆபாசக் கதை. அதை அவள் சொல்லி முடித்தபோது என் உடம்பு முழுக்க எரிந்தது. பதினைந்து நிமிஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று மனசு தானாக எண்ண ஆரம்பித்தது.

"உனக்குத் தெரியுமா? படிச்சியே, தெரிஞ்சும் விட்டியா?" என்றேன்.

"ஞான் எழுதியிருந்நல்லோ!"

நோட்டைப் பிரித்து அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். "எங்கே? காட்டு."

முதல் பக்கத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னை நேராகப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள். "நீ அங்கிளினோடு ஒந்நு சோதிச்சு நோக்கு."

எங்கப்பாவிடம் கேட்டுப் பார் என்கிறாள். எதை? அந்த வார்த்தையையா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. எங்கப்பாவை இதில் இழுத்தால் நாக்கை அறுத்துவிடுவேன் என்றேன். போட்டிக்காகத் தெரிந்தே என்னை மாட்டிவிட்டாய், மூன்று வருஷமும் நீ நடித்தது இதற்குத்தான் என்றேன். இன்னும் என்னென்னவோ தமிழில் சொன்னேன். எல்லாம் அவளுக்குப் புரிந்தது. அவள் ஒன்றுகூடத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லாததே அவள் குற்றத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஆட்டோ பிடித்து என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வழியில் நிறுத்தி, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கினார். எதற்குச் சிரித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டு பழம்பொரியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இடம் அவளுக்குப் போயிற்று. மலையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது, அவள் கையெழுத்து. பிரிக்காமல் நாலாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். எரியும்போது உள்ளே ஏதோ படம் வரைந்திருந்தது தெரிந்தது. ஒரு நுனியிலிருந்து பிரிந்து வளைகிற கை மட்டும் பார்த்தேன், மற்றது கருகிவிட்டது.

நான் பேங்க் பரீட்சை எழுதினேன். வேலையும் கிடைத்தது. நாகர்கோவில் கிளைக்குப் போட்டார்கள். அப்பா தனியாக இருப்பாரே என்று தினமும் ரயிலில் போய் ரயிலில் வந்தேன். இரண்டு தடவை பிரமோஷன் வந்தது, வெளியூர் போக வேண்டும் என்பதால் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். வந்த வரன்கள் எல்லாம் பம்பாய், பெங்களூர். அப்பா ஜாதகம் பொருந்தவில்லை என்பார், நானும் நிம்மதியாக விட்டுவிடுவேன். யாரையாவது நம்ப வேண்டும் என்றாலே எனக்குக் கை பின்னால் போய்விடும். பேங்கில் கூட வேலை பார்க்கிறவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். ஒருத்தி செய்தது போதும். இந்த உலகத்தில் எனக்கு அப்பா ஒருவர் போதும் என்று பத்து வருஷம் இருந்தேன்.

பத்தாவது வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அப்பா பரணிலிருந்து என் பழைய புத்தகக் கட்டை இறக்கி, பிரிக்காமலே பூஜையில் வைத்தார். பூஜை வைத்த புத்தகத்தை விஜயதசமி காலையில் எடுத்து, கையில் முதலில் வருவதில் நாலு வரி படிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் கட்டைப் பிரித்தேன். கையில் வந்தது அந்த நீளமான நோட்டு.

"அதை விடு. வேற எடு" என்றார் அப்பா. ஈஸிசேரில் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அவர் குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. என் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்றே நினைத்தேன். இருந்தாலும் கையில் வந்ததைத் தள்ளக்கூடாதே என்று முதல் பக்கத்தைத் திறந்தேன். காலை வெயில் ஜன்னல் கம்பி வழியாகப் பக்கவாட்டில் விழுந்தது. தலைப்புக்குப் பக்கத்தில், ஓரத்தில், காகிதம் சொரசொரவென்று மெலிந்திருந்தது. அதைச் சுற்றி நீலமாக ஒரு அழுக்கு.

நோட்டைச் சாய்த்தேன். வராந்தாவில் அவள் சாய்த்த மாதிரியே. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. பக்கத்தில் பார்த்தபோது, அழுத்தி எழுதின பென்சிலின் பள்ளம் மட்டும் உருண்டை உருண்டையான மலையாள எழுத்தாக எழுந்து வந்தது. 'ஈ வாக்கு வேண்டா. எல்லாயிடத்தும் தண்டு மதி.' இந்த வார்த்தை வேண்டாம். எல்லா இடத்திலும் தண்டு போதும். கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அவளிடம் ரப்பர் கிடையாது.

நான் நிமிர்ந்தேன். அப்பாவின் மடியில் பேப்பர், அதன் மேல் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் பாதி சிவப்பு பாதி நீலமாக அந்தத் துண்டு. தேய்ந்து தேய்ந்து நீலம் கொஞ்சம்தான் மிச்சம்.

"அப்பா, இதை நீங்களா அழிச்சேள்?"

அப்பா பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்ப மடித்தார்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு என்ன சொல்லிட்டுப் போனா?"

"மறக்காம சொல்லணும் அங்கிள், அந்த வாக்கை மாத்தச் சொல்லணும்னா" என்றார் அப்பா. "ரெண்டு தடவை சொன்னா. படியிறங்கிப் போயிட்டுத் திரும்பி வந்தும் சொன்னா."

படியிறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து சொன்னவளைத்தான் நான் நாக்கை அறுப்பேன் என்றேன். அவள் அன்று வராந்தாவில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தும் என் அப்பாவை என்னிடம் காட்டிக்கொடுக்காமல் போனாள்.

"ஒரு மாசம்னு சொன்னே" என்றார் அப்பா. "ஒரு மாசம் ரெண்டு வருஷமாகும். அப்புறம் நீ வரவே மாட்டே. ஒரு வாரத்துலே வந்துடறேன்னுதான் உங்கம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனா." பேனாவை மூடினார். "நாலு பேர் சிரிப்பான், உன்னை எடுக்க மாட்டான், அதோட போயிடும்னு நினைச்சேன். இப்படி ஹாலே சிரிக்கும்னு எனக்குத் தெரியாது, கொழந்தே. பகவான் சத்தியமாத் தெரியாது."

"எடுத்தா போன்னு சொன்னேளே."

"சொன்னேன்."

"குறுக்க நிக்கலைன்னேளே."

நான் ஜன்னல் முன்னால் நின்று பழகின நாட்களில் அவர் இருமிக்கொண்டு எழுந்து போனது ஞாபகம் வந்தது. பெற்ற பெண்ணிடம் அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது என்று கூசிப் போயிருப்பார். அதை என்னால் மன்னிக்க முடியும். அன்றே மன்னித்திருப்பேன். ஆனால் அவர் சொல்ல வேண்டாதபடி இன்னொருத்தி எழுதிக் கொடுத்திருந்தாள். நோட்டை என்னிடம் நீட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, ரப்பரை எடுத்து, நீலப் பக்கத்தைத் திருப்பி வைத்து, உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். அதற்குப் பிறகு வேஷ்டிக்குக் கஞ்சி போட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, கேட்டிருக்கிறார்.

கோபத்தில் அழுகை வரவில்லை. அவரை என்ன கேட்டால் எனக்கு ஆறும் என்று தெரியவில்லை. அறுபத்து மூன்று வயது ஆள், மூக்குக்கண்ணாடி, மடித்த பேப்பர். பத்து வருஷம் ரயிலில் போய்வந்து நான் காவல் காத்த மனுஷர். நோட்டைத் திறந்து அவர் மடியில், பேப்பருக்கு மேலே வைத்தேன். தலைப்பில் விரலை வைத்தேன்.

"படியுங்கோ."

"கொழந்தே..."

"விஜயதசமி. நாலு வரி வேண்டாம். தலைப்பு மட்டும் போறும். இருநூறு பேருக்கு முன்னாலே நான் சொன்னேன். இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். உரக்கப் படியுங்கோ."

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு" என்றார். அடுத்த சொல்லில் உதடு கூடியது, பிரிந்தது, மறுபடியும் கூடியது. என் முகத்தைப் பார்த்தார். நான் விரலை எடுக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, சின்னதாக இருமினார்.